நாற்பது வருஷம் காதில் விழாத சங்கீதம்

கும்பகோணத்தில் நான் பிடில் கற்றுக்கொண்டிருந்த நாட்களில், பத்தொன்பது வயதில், தனக்கும் ஏதோ கைவந்துவிட்டது என்று ஒருவனுக்குத் தோன்றத் தொடங்குகிற அந்த அபாயகரமான பருவத்தில், நாட்டைக்குறிஞ்சியில் ஒரு வர்ணம் இயற்றி, கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் பல்லவி, அநுபல்லவி, முக்தாயி ஸ்வரம், சரணம் என்று தனித்தனியே மையினால் அழகாக எழுதி, வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே நோட்டை வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல் ஊஞ்சல் பலகையின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "இதை எதுக்குடா எங்கிட்ட நீட்டறே? பாடு, கேக்கறேன்" என்றார். பாடினேன். சரணத்தின் மூன்றாவது ஸ்வரத்திற்கு வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தி, "அங்கே நாட்டைக்குறிஞ்சி எழுந்து போயிடுத்து, வேற யாரோ வந்து உக்காந்துட்டா" என்று சொல்லி வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். அந்த வர்ணத்தின் ஆயுள் அவ்வளவுதான். பிற்பாடு நான் வயிற்றுப்பாட்டுக்கு ஒரு குமாஸ்தா உத்தியோகத்தையும், மனப்பாட்டுக்குக் கதை எழுதுவதையும் பிடித்துக்கொண்டு, பிடிலை உறையில் போட்டு வைத்தேன்.

இந்தப் பழங்கதையை இப்போது நினைத்துக்கொள்ளக் காரணம், சென்ற இரண்டு மாதமாக நான் ஆண்டனி பர்ஜெஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் வாழ்க்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதுதான். 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' என்ற சினிமாவைப் பார்த்தவர்களும் பார்த்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களும் நம்மில் அநேகர் உண்டு. அதற்கு மூலமான நாவலை எழுதியவர் என்பதே அவரைப் பற்றி உலகம் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கும் ஒரே சங்கதி. ஆனால் முப்பதுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிய அந்த மனிதர், அவற்றுக்கு இடையிலும் அவற்றுக்கு முன்னும் பின்னும் சிறியதும் பெரியதுமாக இருநூற்றைம்பதுக்கும் அதிகமான சங்கீத உருப்படிகளை எழுதியவர் என்பதும், 'பொழுதுபோக்காகச் சங்கீதம் எழுதும் நாவலாசிரியன்' என்று தம்மைச் சொல்லாமல் 'நாவலும் எழுதுகிற சங்கீதக்காரன்' என்று உலகம் சொல்லவேண்டும் என்று வாய்விட்டே ஆசைப்பட்டவர் என்பதும் அவ்வளவாக வெளியில் தெரியாத செய்திகள். உலகம் அந்த ஆசையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டது. நானும் முதலில் சிரித்தவன்தான்.

அவருடைய இயற்பெயர் ஜான் பர்ஜெஸ் வில்ஸன். 1917-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி மான்செஸ்டர் நகரத்தில், மூன்று தலைமுறையாக மில் புகையைச் சுவாசித்துப் பழகிய வீதிகளுக்கு நடுவில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். மறு வருஷமே உலகமெங்கும் பரவிய இன்புளுயன்ஸா விஷக்காய்ச்சலில் அவருடைய தாயும் ஒரே தமக்கையும் மாண்டுபோனார்கள். பட்டாளத்திலிருந்து வீட்டுக்கு வந்த தகப்பனார் இரண்டு பிணங்களையும், பக்கத்தில் தொட்டிலில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்த கைக்குழந்தையையும் கண்டார் என்று பர்ஜெஸ் தம் சுயசரிதையில் சொல்கிறார். அந்தத் தகப்பனார் பேசாத சினிமாக் காலத்தில் கொட்டகையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, குதிரை ஓடினால் ஓட்டமாகவும் காதலி அழுதால் இழுவையாகவும் பியானோ வாசித்துச் சம்பாதித்தவர். இதைப் படித்தபோது, நம்மூர் டூரிங் கொட்டகைகளில் ஆர்மோனியமும் தபலாவும் வைத்துக்கொண்டு திரையருகே உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி என் பாட்டனார் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. பர்ஜெஸ் வெகுகாலத்துக்குப் பின்னர், 1986-இல், 'தி பியானோபிளேயர்ஸ்' என்ற நாவலில் இப்படிப்பட்ட ஒரு தகப்பனைப் படைத்து, நாள்கணக்கில் நிறுத்தாமல் பியானோ வாசிக்கும் பந்தயத்தில் அவனை இறக்கி, வாசித்துக்கொண்டிருக்கும்போதே சாகவும் வைத்தார்.

சங்கீதம் அந்தப் பையனை வந்து பிடித்த விதம் விசித்திரமானது. தகப்பனார் பியானோக்காரராயிருந்தும் பிள்ளைக்குப் பாடம் வைக்கவில்லை. பையன் தானே பூட்டிய ஒரு கிரிஸ்டல் ரேடியோவைக் காதில் மாட்டிக்கொண்டு, எதையோ தேடித் துழாவிக்கொண்டிருந்தவன், நிசப்தத்தின் நடுவிலிருந்து எழும்பிய ஒரு புல்லாங்குழலைக் கேட்டான். டெபுஸ்ஸி என்ற பிரெஞ்சு ஆசிரியரின் புகழ்பெற்ற வாத்திய சங்கீதத்தின் ஆரம்பம் அது. இன்ன ராகம், இன்ன தாளம் என்று கையைப் பிடித்துக் கொண்டுபோகாமல், மிதந்து வந்து மிதந்து போகிற அந்தக் குழல், அவனைத் திரும்ப முடியாத இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. தகப்பனாரிடம் போய்க் கேட்டான். அவர் பியானோவில் நடு ஷட்ஜம் என்று நாம் சொல்லக்கூடிய அந்த ஒரு கட்டையையும், காகிதத்தில் அது எந்தக் கோட்டில் உட்காரும் என்பதையும் காட்டினார். மீதியெல்லாம் பிள்ளையே கற்றுக்கொண்டது. ஒரே ஒரு ஸ்வர ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சாஸ்திரத்தையே ஏறிக் கடந்த பிடிவாதத்தை நான் மெச்சுகிறேன். அதே சமயம், பக்கத்தில் உட்கார்ந்து "அங்கே வேற யாரோ வந்துட்டா" என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமற்போனதன் விளைவு அவருடைய சங்கீதத்தில் கடைசிவரை இருந்தது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

மான்செஸ்டர் சர்வகலாசாலையில் சங்கீதம் படிக்க வேண்டும் என்பது அவருடைய அபிலாஷை. அதற்குப் பௌதிகத்தில் தேறியிருக்க வேண்டுமென்று விதி. பௌதிகத்தில் அவர் தேறவில்லை. ஆகவே ஆங்கில இலக்கியம் படித்து 1940-இல் பட்டம் பெற்றார். ஒரு மனிதனை நாவலாசிரியனாக்கிய பெருமை பௌதிகப் பாடத்துக்கு உண்டு என்பது வேடிக்கைதான். யுத்தத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, சிப்பாய்களின் கேளிக்கைக் குழுவில் பியானோ வாசித்தும், பாட்டுகளை வாத்தியங்களுக்குப் பிரித்தெழுதியும் கொஞ்ச காலம் இருந்தார்; பிறகு ஜிப்ரால்டரில் சிப்பாய்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு மூன்று வருஷம் போயிற்று. பதினெட்டு வயதிலேயே ஒரு ஸிம்பனி எழுதி முடித்திருந்ததாகச் சொல்வார். அதை ஒருவரும் வாசிக்கவில்லை. அது யுத்தத்தில் குண்டுக்கு இரையாகிவிட்டது.

இந்த இடத்தில் நம் சம்பிரதாயத்தில் ஊறியவர்களுக்கு ஒரு விஷயம் எளிதில் விளங்காது. எனக்கும் வெகுநாள் விளங்கவில்லை. நம் வாக்கேயகாரர்கள் இயற்றியது எதுவும் ஒலிக்காமல் இருந்ததில்லை. தியாகராஜ ஸ்வாமிகள் பாடினார். பாடியதைச் சிஷ்யர்கள் கேட்டார்கள், பாடம் பண்ணினார்கள், வாலாஜாபேட்டைச் சிஷ்யர்களைப் போன்றவர்கள் ஏட்டில் எழுதியும் வைத்தார்கள். பாட்டு முதலில், ஏடு பிறகு. நான் இட்ட அந்த மட்டமான வர்ணம்கூட வாத்தியார் வீட்டுக் கூடத்தில் இரண்டரை நிமிஷம் ஒலித்துவிட்டுத்தான் செத்தது. ஐரோப்பாவின் பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதுகிறவன் நிலைமை அப்படியில்லை. குழல்களுக்கு இத்தனை கோடு, எக்காளங்களுக்கு இத்தனை, பேரிகைக்கு ஒன்று, பிடில்களுக்கும் வயோலாக்களுக்கும் அடியில் முழங்கும் பெரும் பிடில்களுக்கும் தனித்தனியாக என்று, ஒரே பக்கத்தில் இருபதுக்கு மேற்பட்ட கோட்டு வரிசைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக நிரப்பிக்கொண்டே போகவேண்டும். துரித காலத்தில் போகிற ஒரு கட்டமானால், ஓர் இரவெல்லாம் விழித்து நிரப்பிய அந்தப் பக்கம் வாசிக்கும்போது சில விநாடிகளில் ஓடிவிடும். இப்படி நூறு, இருநூறு பக்கம் எழுதி முடித்தாலும் அது சங்கீதமாகிவிடாது; எழுபது எண்பது பேர் தத்தம் வாத்தியங்களோடு வந்து உட்கார்ந்து, ஒருவர் கோலை உயர்த்தினால்தான் ஆகும். அந்த எழுபது எண்பது பேரை அழைப்பதற்குப் பணமும் பெயரும் வேண்டும். நாவலுக்கு அது வேண்டாம். கதையைக் காகிதத்தில் எழுதி முடித்த கணத்தில் அது கதைதான். அச்சாகாவிட்டாலும் ஒரு நண்பன் படித்துவிட்டால் அது நிகழ்ந்துவிடுகிறது. பர்ஜெஸ் இரண்டையும் எழுதினார். ஒன்று அவருக்குச் சோறு போட்டது, மற்றொன்று அலமாரியில் மௌனமாக உட்கார்ந்திருந்தது. அவருடைய வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு வேற்றுமையைக் கொண்டே படித்துவிடலாம் என்பது என் கட்சி.

1954-இல் அவர் மலாயாவுக்கு உபாத்தியாயராகப் போனார். கோலாகங்சாரில் மலாய்ப் பிரபுக்களின் பிள்ளைகள் படித்த கல்லூரியில் முதலிலும், பிறகு கோத்தா பாருவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் இருந்தார். மலாய் மொழியை அரபு எழுத்தோடு கற்றுக்கொண்டார். அங்கே எழுதிய நாவல்களுக்குத்தான் முதன்முதலாக ஆண்டனி பர்ஜெஸ் என்ற பெயரைப் போட்டுக்கொண்டார். காலனி சர்க்கார் உத்தியோகஸ்தர் சொந்தப் பெயரில் கதை எழுதுவது முறையல்ல என்று அந்நாளில் கருதப்பட்டதால், ஞானஸ்நானத்துக்குப் பின் உறுதிபூசுதலில் வைத்த பெயரையும் தாயாரின் பிறந்தவீட்டுப் பெயரையும் சேர்த்துச் செய்த பெயர் அது. தொட்டிலில் அவரை விட்டுப்போன தாய் இப்படியாக முப்பது நாற்பது புத்தகங்களின் அட்டையில் வந்து உட்கார்ந்தாள்.

மலாயாவைப் பற்றி எழுதிய மூன்று நாவல்களில் கடைசியானது 'பெட்ஸ் இன் தி ஈஸ்ட்', 1959-இல் வெளிவந்தது. இதை நம்மவர்கள் படிக்க ஒரு தனிக் காரணமும் உண்டு. கால்நடை வைத்தியரான வைத்திலிங்கம், அவருடைய யாழ்ப்பாணத்துக் கூட்டாளிகளான ஆறுமுகம், சுந்தரலிங்கம், வெள்ளைக்காரனைத்தான் கட்டிக்கொள்வதென்று கங்கணம் கட்டிக்கொண்டிருக்கும் ரோஸ்மேரி மைக்கேல் என்னும் தமிழ்ப் பேரழகி என்று, தமிழர்கள் அதில் கூட்டமாக நடமாடுகிறார்கள். அவர் அவர்களை ஒன்றும் தூக்கிவைத்து எழுதவில்லை. கேலியாகத்தான் எழுதியிருக்கிறார், சில இடங்களில் எனக்கு ரோசமும் வந்தது. ஆனால் வெள்ளைக்காரர்களையும் அவர் அதே கரண்டியால்தான் பரிமாறுகிறார் என்பதால் பொறுத்துக்கொண்டேன். என் கண் நின்ற இடம் வேறு. அதில் ராபர்ட் லூ என்று ஒரு சீனப் பையன் வருகிறான். தகப்பன் கடையில், ஜனங்கள் வந்து போகும் இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, மனத்துக்குள்ளேயே கேட்டுக் கேட்டு ஒரு ஸிம்பனி எழுதுகிறான். அந்தக் கடைக்குக் காசு போட்டால் பாடும் இசைப்பெட்டி ஒன்றும் வந்து சேர்கிறது. பல ஜாதியும் பல மதமும் ஒட்டாமல் கிடக்கிற தேசத்துக்கு இந்தப் பையனின் ஸிம்பனி ஓர் ஐக்கியத்தின் அடையாளமாக இருக்குமென்று நம்பி, அதை எப்படியாவது அரங்கேற்றிவிட ஓர் ஆங்கில அதிகாரி படாத பாடு படுகிறார். அரங்கேறவில்லை. பெண் சகவாசத்தில் பையனுடைய சங்கீதமே கெட்டுப்போகிறது. கடைசியில் பெரிய மனிதர்கள் வந்து பார்த்து, இது இரவல் சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இது கற்பனை என்று நினைத்துக் கடந்து போய்விடலாம். ஆனால் அதே வருஷங்களில் பர்ஜெஸ் தாமே, வரப்போகும் சுதந்திரத்தை எண்ணி, மலாயாவின் பல இனத்தார் சங்கீதத்தையும் கலந்து 'சிம்பொனி மலாயு' என்று ஒரு ஸிம்பனி எழுதியிருந்தார் என்பதைத் தெரிந்துகொண்டு திரும்ப அந்த அத்தியாயங்களைப் படித்தால், அந்தப் பையனின் கடைக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரிந்துவிடும். அந்த ஸிம்பனியின் முடிவில் சபையோர் எல்லாரும் எழுந்து 'மெர்டேக்கா' என்று கோஷமிட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாராம். விடுதலை 1957 ஆகஸ்ட் 31-இல் வந்தது; கோஷத்தை ஜனங்கள் அவர் உதவியில்லாமலே போட்டுக்கொண்டார்கள். ஸிம்பனியின் கையெழுத்துப் பிரதி தொலைந்துபோயிற்று. தம் சங்கீதத்துக்கு நேர்ந்ததை அவர் தாமே முன்கூட்டி நாவலில் தீர்ப்பெழுதிவிட்டார். அதிலும் சங்கீதம் மட்டமானது என்று எதிர்க்கட்சி வக்கீலுக்கும் இடம் கொடுத்து எழுதினார். தன் குழந்தையைத் தானே ஊர் நடுவில் நிறுத்தி இப்படி விசாரிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

1959-இல் புரூனையில் வகுப்பறையில் மயங்கி விழுந்ததும், தலைக்குள் கட்டி, ஒரு வருஷந்தான் கெடு என்று டாக்டர்கள் சொன்னதும், மனைவிக்கு ஏதாவது விட்டுப்போக வேண்டுமே என்று அந்த ஒரே வருஷத்தில் ஐந்து நாவல் எழுதித் தள்ளியதும் அவர் வாயால் பலமுறை சொல்லப்பட்ட கதை. வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் இதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். கட்டி இருந்ததோ இல்லையோ, அவசரம் இருந்தது நிஜம். புத்தகங்கள் அவ்வளவு வேகமாக வந்ததால் சிலவற்றை ஜோஸப் கெல் என்ற வேறு புனைபெயரில் வெளியிட நேர்ந்தது. அதில் ஒன்று மதிப்புரைக்காக அவரிடமே வந்து சேர, பத்திரிகாசிரியர் வேடிக்கையாக அனுப்பியிருக்கிறார் என்று எண்ணி, தம் நாவலுக்குத் தாமே மதிப்புரை எழுதி அனுப்பினார். விஷயம் வெளியானதும் வேலை போயிற்று. தம் புத்தகத்தைத் தாமே புகழ்ந்து புனைபெயரில் எழுதிக்கொள்கிற கலை நம் ஊரில் இன்னும் பக்குவமாக நடக்கிறது; அவருக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' 1962-இல் வந்தது. ரவுடிப் பையன் அலெக்ஸ் பீத்தோவனைக் கேட்டு உருகுகிறவன். சர்க்கார் அவனைத் திருத்துவதற்காக மருந்து ஏற்றி, கோரக் காட்சிகளைக் காட்டி, வன்முறையை நினைத்தாலே குமட்டும்படி செய்யும்போது, காட்சிகளுக்குப் பின்னணியாகப் போட்ட சங்கீதமும் சேர்ந்து அவனுக்கு விஷமாகிவிடுகிறது. நாவலில் அப்படிப் போடப்படுவது பீத்தோவனின் ஐந்தாம் ஸிம்பனி. சினிமாவில் ஒன்பதாவதாக மாற்றிவிட்டார்கள். சங்கீதம் கேட்டால் மனிதன் நல்லவனாவான் என்ற நம்முடைய பழைய எண்ணத்தை இந்த நாவலைப்போல் முகத்தில் அறைந்த புத்தகத்தை நான் படித்ததில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது கடைசி அத்தியாயத்தை. பாகத்துக்கு ஏழாக மூன்று பாகம், ஆக இருபத்தொரு அத்தியாயம். இருபத்தொன்று ஒருவன் வயது வந்தவனாகும் எண் என்பதற்காகவே அப்படி வைத்தார். அமெரிக்கப் பதிப்பாளர் கடைசி அத்தியாயத்தை வெட்டிவிட்டுப் பிரசுரித்தார். ஸ்டான்லி குப்ரிக் 1971-இல் எடுத்த சினிமாவும் அந்த வெட்டின வழியிலேயே போயிற்று. வெட்டுப்பட்ட அத்தியாயத்தில் அலெக்ஸ் சங்கீதத் தட்டுகள் சேமித்து வைக்கும் ஒரு ஸ்தாபனத்தில் வேலை பார்க்கிறான். அடிதடியில் அலுப்புத் தட்டுகிறது. தனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணுகிறான். அதற்கெல்லாம் முன் அறிகுறியாக ஒரு சின்ன வரியில் ஆசிரியர் சொல்லிவிட்டுப் போவது இது: அவனுக்கு இப்போது பெரிய வாத்தியக் குழுவின் முழக்கம் பிடிக்கவில்லை, ஒரு குரலும் ஒரு பியானோவும் மட்டும் உள்ள மெல்லிய பாட்டுகள்தான் பிடிக்கின்றன. பையன் வளர்ந்துவிட்டான் என்பதை ரசனையின் மாறுதலால் காட்டுவதற்குச் சங்கீதம் தெரிந்தவன்தான் வேண்டும். உபதேசம் இருக்கிறதென்று நினைத்து வெட்டிய பதிப்பாளர், சங்கீதத்தையும் சேர்த்து வெட்டிவிட்டார்.

நம் தி. ஜானகிராமனும் சங்கீதம் அறிந்த கதைக்காரர்தான். 'மோகமுள்'ளில் பாபு ரங்கண்ணாவின் முன்னால் உட்கார்ந்து கேட்கிறபோது சங்கீதம் ஒரு மனிதனுடைய தவமாக, மூச்சாக, கண்ணீராக வருகிறது. கதையின் கட்டுமானத்துக்குள் ராகம் தாளம் பல்லவியைப் புகுத்திப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை, தோன்றாததே நல்லது. பர்ஜெஸ் அதற்கு நேர் எதிர். 1974-இல் அவர் வெளியிட்ட 'நெப்போலியன் ஸிம்பனி' என்ற நாவல், பீத்தோவனின் மூன்றாம் ஸிம்பனியான 'எரோய்கா'வை அப்படியே வார்ப்பாக வைத்து வார்த்தது. அந்த ஸிம்பனியை பீத்தோவன் முதலில் போனபார்ட்டின் பெயரில் எழுதியதும், மனிதன் சக்கரவர்த்திப் பட்டம் கட்டிக்கொண்டான் என்று கேட்டதும் பெயரைச் சுரண்டி எறிந்ததும் தெரிந்த கதை. பர்ஜெஸ் கிராமபோனில் தட்டைச் சுழலவிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை விநாடி என்று கணக்கெடுத்து, இத்தனை விநாடிக்கு இத்தனை பக்கம் என்று விகிதம் போட்டுக்கொண்டு, ஸ்வரப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டே நாவலை எழுதினார். முதல் பகுதியின் துரிதம், இரண்டாவதின் சாவு ஊர்வலம், மூன்றாவதின் குதியாட்டம், நான்காவதில் ஒரே விஷயத்தைப் பல நடைகளில் மாற்றி மாற்றிச் சொல்லும் விஸ்தாரம் என்று நாலும் இருக்கின்றன. குப்ரிக்குக்கு நெப்போலியனைப் பற்றிப் படம் எடுக்கும் யோசனை இருந்ததால் பாதியை அவருக்கு அனுப்பினார். இது படத்துக்கு உதவாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. நாவலை அவருக்கே சமர்ப்பணமும் செய்தார். நான் அந்தப் புத்தகத்தை இரண்டு தடவை தொடங்கி, மூன்றாந்தடவைதான் முடித்தேன். பெரிய சாமர்த்தியம், ஆனால் படிக்கிறவன் காதில் எரோய்கா கேட்கவில்லை. வார்த்தைக்கு அர்த்தம் என்று ஒரு மூட்டை இருக்கிறது. அதைத் தலையில் சுமந்துகொண்டு அது ஸ்வரம் மாதிரி நடக்க முடியாது. இரண்டு வார்த்தைகளை ஏககாலத்தில் சொன்னால் இரைச்சல், இரண்டு ஸ்வரங்களை ஏககாலத்தில் வாசித்தால் இசைவு. தம் புத்தகத்தின் தோல்வி இன்னதென்று அவருக்கே தெரிந்திருந்தது என்பது அவர் பின்னால் எழுதியவற்றிலிருந்து தெரிகிறது.

அந்த நாவல் வெளிவந்த அடுத்த ஆண்டுதான் அவர் வாழ்க்கையில் அந்த விசேஷம் நடந்தது. அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையின் வாத்தியக் குழுவை நடத்திக்கொண்டிருந்த ஜேம்ஸ் டிக்ஸன் என்பவர், எங்கள் பிள்ளைகள் வாசிக்க ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார். நாவலுக்கு முன்பணம் கொடுத்துக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். ஸிம்பனி எழுதித் தா என்று ஒருவர் வந்து கேட்டது எப்பேர்ப்பட்ட சந்தோஷமாயிருந்திருக்கும் என்று கதை எழுதி ஆசிரியர் கடிதத்துக்குக் காத்திருக்கிறவர்கள் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். ஸி என்ற சுருதியில் மூன்றாம் ஸிம்பனி. கடைசிப் பகுதியில் ஷேக்ஸ்பியரின் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்து வார்த்தைகளை எடுத்து ஆண் குரல்களுக்குப் பாட்டாக வைத்தார். 1975 அக்டோபர் 22-ஆம் தேதி இரவு அது வாசிக்கப்பட்டது. பட்டாளத்திலும் பள்ளிக்கூடங்களிலும் அவருடைய சின்ன உருப்படிகள் முன்பே ஒலித்ததுண்டு. ஆனால் முழு வாத்தியக் குழுவுக்கு எழுதிய பெரிய உருப்படி ஒன்றை அவர் தம் காதால் கேட்டது அன்றைக்குத்தான். வயது ஐம்பத்தெட்டு. பதினெட்டில் எழுதிய முதல் ஸிம்பனியிலிருந்து கணக்கிட்டால் நாற்பது வருஷம். வாசித்தவர்கள் அந்தப் பதினெட்டுக்கு இரண்டொரு வயது கூடுதலான மாணவர்கள். இந்த ஸிம்பனியைத் தாம் எழுதிய விதத்தைப் பற்றி அந்த வருஷக் கடைசியில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரையே எழுதினார். கல்யாணப் பத்திரிகையை வீடு வீடாகக் கொடுக்கும் தகப்பனுடைய பூரிப்பு அதில் இருக்கிறது.

பிறகு அணை திறந்துகொண்டது போலாயிற்று. ஜாய்ஸின் 'யுலிஸஸ்' நாவலை வைத்து ஓர் இசை நாடகம் செய்து, அது ஜாய்ஸ் நூற்றாண்டான 1982-இல் ரேடியோவில் வந்தது. குடியேறியிருந்த மொனாக்கோவில் கிதார் வாசிக்கும் நால்வருக்கு உருப்படிகள் எழுதிக் கொடுத்தார். ஓபோ வாசித்த தம் பிள்ளைக்கும் எழுதினார். பாஃக் பிறந்த 300-ஆவது ஆண்டான 1985-இல், அந்த மகானுடைய இருபத்துநான்கு சுருதிகளிலும் அமைந்த கோவையைப் பின்பற்றி, மின்சாரப் பலகைக்கென்று தாமும் இருபத்துநான்கு ஜோடிகள் எழுதி, 'சிடுசிடுத்த மின்சாரப் பலகை' என்று பொருள்படும் ஒரு குறும்புப் பெயரை வைத்தார். 1987-இல் 'கிளாக்வொர்க் ஆரஞ்'சைத் தாமே நாடகமாக்கிச் சங்கீதமும் அமைத்தபோது, முடிவில் குப்ரிக்கைப்போல் தாடி வைத்த ஒருவன் சினிமாவில் புகழ்பெற்ற அந்த மழைப் பாட்டை எக்காளத்தில் ஊதிக்கொண்டு வருவதாகவும், அவனை மேடையிலிருந்து உதைத்துத் துரத்துவதாகவும் குறிப்பு எழுதினார். பதினாறு வருஷத்துக் கோபம், அதுவும் எதிர்ஸ்வரம் சேர்த்த கோபம். 1993 நவம்பர் 22-ஆம் தேதி லண்டனில் காலமானார்.

அந்த இருபத்துநான்கு ஜோடிகளையும் பியானோவில் வாசித்த பதிவு இப்போது கிடைக்கிறது. நான்கு இரவுகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். மேல்நாட்டுச் சங்கீதத்தில் எனக்குள்ள ஞானம் கேள்வி ஞானம்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முகப்புப் பகுதிகள் சில வெகு லலிதமாயிருக்கின்றன. டெபுஸ்ஸியின் அந்தக் குழல் எங்கோ தூரத்தில் நின்று எட்டிப் பார்க்கிறது. ஒரு குரல் தொடங்கியதை மற்றொன்று பிடித்துக்கொண்டு துரத்தும் பகுதிகளில் புத்தி நன்றாக வேலை செய்கிறது, கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்கிறது. பட்டிமன்றத்தில் கெட்டிக்காரன் பேசுவதைக் கேட்கிற உணர்ச்சி. மேதையின் சங்கீதம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் சிரிக்கவும் முடியவில்லை. ஒன்பதாவதோ பத்தாவதோ, பெயர் மறந்துவிட்டது, ஒன்றில் இடது கை தானாக ஒரு நடை போட்டுக்கொண்டு போக, வலது கை ஏதோ யோசனையாக நின்று நின்று பேசும். அதை மட்டும் ஆறேழு தடவை திரும்பக் கேட்டேன். மூன்றாம் நாள் இரவு என் சம்சாரம் வந்து, "யாருன்னா இது, ராத்திரி ஒரு மணிக்கு உங்க தலையை இப்படி ஆட்ட வெக்கறவர்?" என்று கேட்டாள். "ஒரு பாட்டுக்காரர், கதையும் எழுதுவார்" என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் நான் சொன்னதைக் கவனித்தேன்.

மறுநாள் பரணிலிருந்து பிடிலை இறக்கினேன். இரண்டு தந்திகள் அறுந்திருந்தன. புதிதாகப் போட்டு, குதிரையை நிமிர்த்தி, சுருதி சேர்க்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்தப் பழைய நோட்டு அகப்பட்டது. கரப்பான் தின்றது போக வர்ணம் முழுசாக இருந்தது. விரல்கள் மரத்துப்போயிருந்ததால் முதல் காலத்திலேயே மெள்ள மெள்ள வாசித்துப் பார்த்தேன். சரணத்து மூன்றாம் ஸ்வரத்தில், வாத்தியார் கையைத் தூக்கின அதே இடத்தில், அந்த வேற யாரோ இன்னும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார்.